தாய்வீடு தெரியாத பெரணி

குழந்தைகளே! உங்களில் எத்தனை பேர் ஆரைக்கீரை சாப்பிட்டிருக்கிறீர்கள்? வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சேற்றில் படர்ந்து கிடக்கும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் நான்கு சிற்றிலைகள், கூட்டல் குறி போட்டதுபோல இருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அடையாளம் சொல்லுவார்.

அந்தக் கீரை ஒரு பெரணிச் செடி என்பது பலருக்குத் தெரியாது. பெரணி என்றால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பாறை இடுக்கில் சீப்பு சீப்பாக இலை விட்டு நிற்பதுதான் நம் நினைவுக்கு வரும். பெரணிகள் பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் கிடையாது. தூள் போன்ற ஸ்போர்கள் மூலம் பரவும். அவற்றில் சில, நிலத்தை விட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டன. ஆரைக்கீரை அரைகுறையாகப் போனது, வேரைச் சேற்றில் ஊன்றிக்கொண்டது. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கிறார்களே அசோலா, அது முழுவதுமாகப் போய் மிதக்கவே தொடங்கிவிட்டது.

இன்று நான் சொல்லப்போவது அந்த அசோலாவின் நெருங்கிய உறவுக்காரச் செடியின் கதை. அதன் பெயர் சால்வீனியா மொலஸ்டா. முன்பாதி, 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த சால்வினி என்ற பேராசிரியரின் நினைவாக வைத்தது. பின்பாதி லத்தீன் சொல். 'தொல்லை தருவது' என்று பொருள். ஒரு செடிக்குத் 'தொல்லை' என்றே பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். கதையைக் கேட்டால் நீங்களே வைத்துவிடுவீர்கள்.

முதலில் செடியைப் பார்ப்போம். ஒரு மெல்லிய தண்டு, அதில் கணு கணுவாக இலைகள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு பச்சையாக மேலே மிதக்கும். மூன்றாவது இலை தண்ணீருக்குள் தொங்கும். பழுப்பு நிறத்தில் நூல் நூலாகப் பிரிந்து, பார்ப்பதற்கு வேர் போலவே இருக்கும். ஆனால் அது வேர் அல்ல. இந்தச் செடிக்கு வேரே கிடையாது! இலைதான் வேரின் வேலையைப் பார்க்கிறது.

மிதக்கும் இலையின் மேற்புறம் இன்னும் வேடிக்கை. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய முடிகள் உண்டு. ஒவ்வொரு முடியும் நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். தயிர் கடையும் கம்பி மத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மத்துகளுக்கு நடுவே காற்று அடைபட்டுவிடும். செடியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாலும் இலை நனையாது, கையை எடுத்ததும் மேலே வந்துவிடும். முடி முழுவதும் தண்ணீரைத் தள்ளுகிறது, நுனிமட்டும் தண்ணீரைப் பற்றிக்கொள்கிறது, அதனால்தான் காற்றுப் படலம் நகராமல் நிற்கிறது என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2010ல் விளக்கினார்கள். கப்பலின் அடிப்புறத்துக்கு இப்படி ஒரு பூச்சுக் கொடுத்தால் தண்ணீரின் உராய்வு குறையுமே என்று அதன்பிறகு ஆராய்ச்சி நடந்துவருகிறது.

இத்தனை அழகான செடி. அதனால்தான் தாவரவியல் பூங்காக்காரர்களும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் ஆசைப்பட்டு வாங்கிப்போனார்கள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது ஒரு கணக்கு. இதை நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு குளத்தில் ஒரு கிலோ சால்வீனியா இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அது இரு மடங்காகிறது. பத்து வாரம் கழித்து எவ்வளவு இருக்கும்? பத்துக் கிலோ, இருபது கிலோ என்று கைகள் உயரும். பொறுமையாகப் பெருக்குங்கள். 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024! ஒரு டன்னுக்கும் மேல். சரி, இருபது வாரம் கழித்து? ஆயிரம் டன்னுக்கும் மேல்! பத்து டன் ஏற்றும் லாரிகள் நூறு போதாது. இன்னொரு கேள்வியும் கேட்பேன். குளம் இருபதாவது வாரம் முழுக்க மூடிவிட்டது என்றால், பாதி மூடியிருந்தது எந்த வாரம்? பத்தாவது வாரம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பத்தொன்பதாவது வாரம்! அதுவரை குளத்துக்காரர், "பாதிக் குளம் காலியாகத்தானே இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. சூடும் சத்தும் சரியாக அமைந்த ஆய்வுக்கூடத் தொட்டியில் இந்தச் செடி மூன்று நாளுக்குள்ளேயே இரு மடங்காகியிருக்கிறது. ஏரி, ஆறுகளில் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. இந்தச் செடியின் ஸ்போர்கள் முளைப்பதில்லை. வழக்கமாகச் செடிகளின் செல்லில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். இதில் ஒன்பது ஒன்பதாக ஐந்து தொகுதிகள், மொத்தம் 45. ஐந்தை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியுமா? முடியாது. அதனால் நல்ல ஸ்போர் உருவாவதில்லை. தண்டு ஒடிந்தால் போதும், ஒடிந்த துண்டு தனிச் செடியாகிவிடும். பிடுங்கி எறியப் போகிறவர் பாதியை ஒடித்துவிட்டு வருகிறார், அவரே அதற்கு நாற்று நட்டவர் ஆகிறார்!

1939ல் கொழும்பில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடம் நடத்துவதற்காக இந்தச் செடி வந்தது. அங்கிருந்து வெளியே தப்பி இலங்கையின் வயல்களிலும் கால்வாய்களிலும் பரவியது. தாய்நாட்டுக்கு வெளியே இது பரவிய முதல் இடம் அதுதான். 1950களில் கேரளத்தில் தென்பட்டது. குட்டநாட்டின் காயல்களையும் நெல் வயல்களையும் மூடியது. வள்ளங்கள் நகரவில்லை, விதைக்கும் முன்னர் வயலிலிருந்து இதை அள்ளிக் கொட்டவே கூலி கொடுத்து மாளவில்லை. அடியில் வெளிச்சமும் காற்றும் போகாததால் மீன்கள் அருகின. யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகைக் கொசுவின் புழுக்கள் இத்தகைய மிதக்கும் செடிகளைப் பற்றிக்கொண்டுதான் மூச்சு விடும். அவற்றுக்கும் கொண்டாட்டம்.

கேரள மக்கள் இதற்கு வைத்த பெயர் 'ஆப்பிரிக்கன் பாயல்'. பாயல் என்றால் நம் ஊர்ப் பாசி. ஏன் ஆப்பிரிக்கா? அந்தக் கதை கரீபா ஏரியில் இருக்கிறது. இன்றைய ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பசி ஆற்றில் கட்டிய கரீபா அணை 1958 டிசம்பரில் நீரைத் தேக்கத் தொடங்கியது. கொள்ளளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரி அது. மறு ஆண்டு மே மாதமே சால்வீனியா அங்கே தென்பட்டது. 1962ல் ஏறக்குறைய ஆயிரம் சதுர கி.மீ. பரப்பு பச்சைப் பாய் விரித்ததுபோல ஆகிவிட்டது. உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. 'கரீபா களை' என்றே பெயரும் வந்துவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவும் அதன் சொந்த ஊர் இல்லை, அங்கேயும் அது வந்தேறிதான். பெயரில் இருக்கும் ஊரை நம்பி முகவரி எழுதினால் கடிதம் போய்ச் சேராது!

எல்லாவற்றையும்விடப் பெரிய துன்பம் பாப்புவா நியூ கினி நாட்டின் செபிக் ஆற்றில் நேர்ந்தது. ஆயிரம் கி.மீ.க்கும் மேல் ஓடும் ஆறு அது. கரையோர மக்களுக்குச் சாலை கிடையாது. மீன் பிடிக்க, சவ்வரிசிப் பனையின் மாவு எடுக்க, சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் மரத்தைக் குடைந்து செய்த ஓடம்தான். 1970களின் தொடக்கத்தில் சில செடிகள் எப்படியோ ஆற்றுக்குள் வந்தன. பத்தாண்டுக்குள் ஆற்றின் வெள்ளச் சமவெளியிலுள்ள ஏரிகளில் 250 சதுர கி.மீ. மூடிவிட்டது. எடை சுமார் இருபது லட்சம் டன். பாய் சில இடங்களில் ஒரு மீட்டர் கனம். ஓடத்தைத் தள்ளினால் நகராது, இறங்கி நடந்தால் மூழ்கிவிடும். காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சில கிராமங்களை மக்கள் அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

மருந்து அடித்தால் மீனும் குடிநீரும் கெடும், அத்தனை பரப்புக்கு அடிக்கவும் முடியாது. இயந்திரத்தால் வாரினால், வாரி முடிப்பதற்குள் பழையபடி வளர்ந்துவிடும். பின்னே என்ன வழி?

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். எந்தச் செடிக்கும் ஒரு தாய்வீடு உண்டு. அங்கே அது ஏன் ஏரியை மூடுவதில்லை? அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் இருக்கின்றன. செடி மட்டும் பயணம் போகிறது. பூச்சி கூடப் போவதில்லை. ஆகவே தாய்வீட்டைக் கண்டுபிடித்தால் பூச்சியைக் கண்டுபிடிக்கலாம். வெளியூர்ப் பூச்சியைக் கொண்டுவந்தால் அது நெல்லைத் தின்னாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நல்ல கேள்வி. கொண்டுவருவதற்கு முன் பலவகைப் பயிர்களையும் உள்ளூர்ச் செடிகளையும் அதன் முன்னால் வைத்து, தொடுகிறதா என்று கூண்டுக்குள் சோதித்துப் பார்ப்பார்கள். வேறெதையும் நாடாத பூச்சிக்குத்தான் அனுமதி கிடைக்கும்.

1960களில் அறிஞர்கள் இந்தச் செடியைச் சால்வீனியா ஆரிகுலேட்டா என்று நினைத்தார்கள். அது தென்னமெரிக்காவின் வடபகுதியில் நிறைய வளர்வது. சரி என்று டிரினிடாட், கயானா பக்கம் போய் அதைத் தின்னும் மூன்று பூச்சிகளைப் பிடித்தார்கள். ஒன்று வெட்டுக்கிளி, ஒன்று அந்துப்பூச்சி, மூன்றாவது ஒரு சின்னக் கூன்வண்டு. இவற்றை ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் விட்டுப் பார்த்தார்கள். கேரளத்திலும் வெட்டுக்கிளியை விட்டார்கள். பெரிய பலன் இல்லை. கரீபாவில் களை பின்னாளில் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் புது ஏரியின் தண்ணீரில் சத்துக் குறைந்துபோனதுதான் என்கிறார்கள்.

எங்கே தவறு? கரீபா களையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேவிட் மிட்செல் அதன் ஸ்போர்ப் பைகள் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும் விதத்தை நுணுக்கமாகப் பார்த்தார். ஆரிகுலேட்டாவின் அமைப்பு வேறு, இதன் அமைப்பு வேறு. இது தனி இனம் என்று 1972ல் அறிவித்து, மொலஸ்டா என்று பெயரிட்டார். அதாவது இத்தனை ஆண்டுகளும் உலகமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது! பெயர்தானே என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். பெயர் தவறினால் ஊர் தவறுகிறது, ஊர் தவறினால் பூச்சி தவறுகிறது.

ஆனால் புதுப் பெயர் கிடைத்ததும் புதுச் சிக்கல். இந்த மொலஸ்டாவின் ஊர் எது? யாருக்கும் தெரியவில்லை. இரண்டு இனங்கள் கலந்து எங்கோ தோட்டத்தில் உருவான கலப்புச் செடியாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அப்படியானால் தாய்வீடு என்று ஒன்று இருக்கவே இருக்காதே!

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோ என்ற அம்மையாரும் கென் ஹார்லி என்பவரும் தென்னமெரிக்காவில் குளம் குளமாக, ஓடை ஓடையாகத் தேடினார்கள். 1978ல் பிரேசிலின் தென்கிழக்கில் அகப்பட்டது. தென் அட்சரேகை 24க்கும் 32க்கும் நடுவே, கடற்கரையிலிருந்து இருநூறு கி.மீ.க்குள் அடங்கிவிடும் பகுதி. உலக வரைபடம் இருந்தால் சாவ் பாவ்லோ நகரைத் தேடி, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே விரலை நகர்த்துங்கள். அவ்வளவுதான் அதன் தாய்வீடு. மூன்று கண்டங்களை ஆட்டிவைத்த செடி அங்கே சிறுசிறு திட்டுகளாக, கடிபட்ட இலைகளோடு, அடக்க ஒடுக்கமாக மிதந்துகொண்டிருந்தது!

கடித்தது யார்? மறுபடியும் ஒரு கூன்வண்டு. கறுப்பு நிறம், இரண்டு மில்லிமீட்டர் நீளம். கடுகு அளவு என்று சொல்லலாம். பார்த்தால் முன்பு தோற்றுப்போன அதே கூன்வண்டு போலவே இருந்தது. அதே வண்டின் இன்னொரு கூட்டம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். இருந்தாலும் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்த நல்ல முடிவை நாம் பாராட்ட வேண்டும்.

1980ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்துக்கு அருகே உள்ள மூண்டாரா ஏரியில் சில ஆயிரம் வண்டுகளை விட்டார்கள். ஏரியில் அப்போது சுமார் 200 ஹெக்டேர் களை. வளர்ந்த வண்டு மொட்டுகளைத் தின்றது. அதன் புழுக்கள் தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போயின. மொட்டுப் போனால் புது இலை வராது, தண்டு போனால் பழைய இலை நிற்காது. பச்சைப் பாய் பழுப்பாகி, கனத்து, அடியில் அமிழ்ந்தது. அடுத்த ஆண்டே ஏரியில் தண்ணீர் தெரிந்தது.

அப்புறம்தான் வண்டையும் உற்றுப் பார்த்தார்கள். 1985ல் அதுவும் தனி இனம் என்று தெரிந்தது. சிர்டோபேகஸ் சால்வீனியே என்று பெயர் பெற்றது. செடியிலும் ஆள்மாறாட்டம், வண்டிலும் ஆள்மாறாட்டம்!

செபிக் ஆற்றுக்கு வண்டுகள் போயின. அங்கே முதலில் அவை நிலைக்கவில்லை. என்ன காரணம் என்று பீட்டர் ரூம், தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அந்த ஆற்றுச் செடிகளில் நைட்ரஜன் சத்துக் குறைவு. தின்ற வண்டுக்கு வலு வரவில்லை, முட்டையும் குறைவு. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழிக்கப் போன களைக்கே யூரியா உரம் போட்டார்கள்! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? சிறிய பரப்பில் உரம் போட்டு, செடி சத்தாக வளர்ந்ததும் வண்டுகளை விட்டார்கள். வண்டு பெருகியது. ஓரளவு கூட்டம் சேர்ந்தபின் அவை கடிப்பதாலேயே செடியில் புதுத் துளிர்கள் சத்தோடு வந்தன. பிறகு உரம் தேவைப்படவில்லை. வண்டு நிறைந்த செடிகளைச் சாக்குகளில் கட்டி மற்ற ஏரிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1985 வாக்கில் பெரும்பாலான பாய்கள் அமிழ்ந்துவிட்டன. ஓடங்கள் மறுபடி ஓடின. அந்த ஆண்டு யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழுவுக்குக் கிடைத்தது.

நம் நாட்டுக்கும் வண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1983-84ல் பெங்களூரில் ஒரு அல்லிக்குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் களை அழிந்து, அமுங்கிக் கிடந்த அல்லிகள் துளிர்த்தன. கேரளத்திலும் விட்டார்கள், குட்டநாட்டில் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி விலகியது. இலங்கையில் 1986 முதல் விட்டார்கள். அங்கே போட்ட செலவைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் பலன் வந்ததாகப் பொருளாதார அறிஞர் ஒருவர் கணக்கிட்டார். வண்டுக்குச் சம்பளமா, சாப்பாடா? சாப்பாடு அங்கேயே மிதக்கிறது.

வண்டு களையை அடியோடு அழிப்பதில்லை. அழித்தால் அதுவும் பட்டினிதானே? மூலையில் கொஞ்சம் களை இருக்கும், அதில் கொஞ்சம் வண்டு இருக்கும். களை கூடினால் வண்டும் கூடும். 2011ல் உலகை விட்டு ஒழிந்த மாட்டு வெக்கை நோய், மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இருந்தது. அது போனதும் காலியான இடத்துக்கு எதைச் சேர்ப்பது என்று அறிஞர்களிடம் கேட்டு, 2013ல் நம் சால்வீனியாவைத்தான் சேர்த்தார்கள்.

அமெரிக்காவின் லூசியானா, டெக்சாஸ் மாநிலங்களில் இது பெருந்தொல்லை. அங்கே பனிக்காலத்தில் வண்டுகள் மடிந்துவிடுகின்றன. களையோ அடிக்கணுவில் உயிர் வைத்திருந்து கோடையில் தழைக்கிறது. அதனால் குளம் வெட்டி வண்டுகளை வளர்த்து, திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். குளிர் தாங்கும் வண்டு கிடைக்காதா என்று தேடியவர்கள் மறுபடியும் தென்னமெரிக்காவுக்கே போனார்கள். இந்த முறை பிரேசிலுக்கும் தெற்கே, அர்ஜென்டினாவில் பரானா ஆறு கடலை நெருங்கும் இடத்துக்கு. அங்கே குளிர் அதிகம். அங்கிருந்து எடுத்த வண்டுகளையும் லூசியானா வண்டுகளையும் அருகருகே குளிரில் வைத்துப் பார்த்தபோது, அர்ஜென்டினா வண்டுகளே கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.